லேசான சாப்பாடு

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் சின்ன மகள் எழுதுவது. இந்தக் கடிதத்தில் நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். எதையும் கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். கடிதத்தில் பெரியவர்களை 'நீங்கள்' என்றுதான் எழுத வேண்டும் என்று தமிழ் டீச்சர் சொல்லியிருக்கிறார். அப்படித் தொடங்கிப் பார்த்தேன். தலைமையாசிரியைக்கு விடுப்புக் கேட்டு எழுதுவது போல இருந்தது. அதைக் கிழித்துப் போட்டுவிட்டு 'நீ' என்றே எழுதுகிறேன்.

இங்கே எல்லாரும் நலம். உண்மையாகவே நலம். ஆனால் இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு நாள் நலமாக இல்லை. அதைத்தான் எழுத வந்தேன். நின்றுகொண்டு படிக்கிறாய் என்றால் தயவுசெய்து உட்கார்ந்துகொள்.

அக்கா மைதானத்தில் மயங்கி விழுந்துவிட்டாள். பெரிய அடி எதுவும் இல்லை, முழங்கையில் சிராய்ப்பு மட்டும்தான். கோச் மேடம்தான் கிளினிக்குக் கூட்டிப் போனார். அப்பா ஏதோ லிஃப்ட்டைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தவர், வேலையிலிருந்து நேராக அங்கே வந்தார். டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "வியாதி ஒண்ணும் இல்ல. பட்டினிதான்" என்றார். அப்பாவுக்கு அது காதில் ஏறவே இல்லை. "வேளாவேளைக்குச் சமைச்சுப் போடறேனே டாக்டர்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

நீ வேலைக்காக வெளியூர் கிளம்பும்போது அக்காவிடம் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. "இன்னொரு தரம் மயங்கி விழுந்தேன்னு என் காதுல விழுந்துது, அன்னையோட ஓட்டத்துக்கு முழுக்கு. நான் நர்ஸ். எனக்குத் தெரியும்" என்றாய். அவளும் சரி என்றாள். நெடுந்தூர அணிக்கான தேர்வு ஓட்டம் அடுத்த மாதக் கடைசியில் வருகிறது. அதனால்தான் போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டபோது, எல்லாம் நன்றாகப் போகிறது என்று அப்பாவும் அக்காவும் சொன்னார்கள். நான் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போனை வாங்கி நானும் அதையே சொன்னேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அக்கா ஏன் பட்டினி கிடந்தாள் என்று நீ நினைப்பாய். அதைச் சொல்ல வேண்டுமென்றால் அப்பாவின் சமையலைச் சொல்ல வேண்டும்.

நீ போன புதிதில் அப்பா சோறு வடித்துக் குழம்பு வைத்தார். சில நாள் உப்பு இருக்காது, சில நாள் உப்பு மட்டும்தான் இருக்கும். ஆனால் வயிறு நிறையும். அப்புறம் சாயங்காலங்களில் அக்காவைக் கூட்டி வர மைதானத்துக்குப் போக ஆரம்பித்தார். வேலிக்கு வெளியே பைக்கை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார். உள்ளே போய்க் கோச் மேடத்திடம் பேசக் கூச்சம். ஒரு நாள் வீட்டுக்கு வந்து, "இனிமே நம்ம வீட்டுல லேசான சாப்பாடுதான்" என்று அறிவித்தார். காலையில் தண்ணீர் போன்ற கஞ்சி. ராத்திரி காய்கறி சூப், ஒரு துண்டு ரொட்டி. சூப்பில் கேரட்டைத் தேடிப் பிடிக்க வேண்டும். அக்கா முன்னால் நாம் மட்டும் வெட்டுவது நியாயமில்லை என்று அவரும் அதையே குடித்தார். பெல்ட்டில் ஆணியால் புதிதாக ஓட்டை போட்டுக்கொண்டார். என் மதியச் சாப்பாடு பெரும்பாலும் பக்கத்து பெஞ்சுக்காரியின் டப்பாவிலிருந்து வந்தது. அவளுக்கு நன்றி.

"போதுமாடா?" என்று அப்பா கேட்பார். "போதும்பா" என்பாள் அக்கா. அவள் எழுந்து போனதும், "பாத்தியா, என்ன கட்டுப்பாடு" என்று என்னிடம் பெருமையாகச் சொல்வார். அக்கா சமையலறைக்குள் போய் வெறும் சட்டியைச் சுரண்டுவது எனக்குக் கேட்கும்.

கிளினிக்கிலிருந்து கோச் மேடம்தான் அக்காவை ஸ்கூட்டரில் வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டார். சாப்பிடும் நேரம். சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று அப்பா உட்கார வைத்து, கிண்ணத்தில் சூப் ஊற்றினார். மேடம் மரியாதையாகக் குடித்து முடித்துவிட்டுக் காத்திருந்தார். பிறகு என்னிடம் மெதுவாக, "சாப்பாடு எப்போ வரும்?" என்று கேட்டார். அப்பா அதைக் கேட்டுவிட்டு, "இதுதாங்க மேடம்" என்றார்.

மேடம் காலிக் கிண்ணத்தையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் அப்பாதான், "நீங்க சொன்னதுதானே மேடம். லேசா இருக்கணும்னு" என்றார்.

"நானா? எப்போ சொன்னேன்?"

"தினமும்தான் சொல்றீங்க. லேசா, லேசான்னு. வேலிக்கு வெளிய வரைக்கும் கேக்குதே."

மேடம் சிரிக்க ஆரம்பித்து, அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். "சார், அது தோளைச் சொன்னேன். ஓடும்போது இவ தோள் ரெண்டையும் காதுக்குத் தூக்கிக்கறா. தோளை லேசா விடு, கையை லேசா விடுன்னு கத்தறேன். வயித்தை லேசா விடச் சொல்லவே இல்லையே" என்றார்.

அப்பா ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். "லிஃப்ட்டுல ஓவர்லோடு ஆனா கிளம்பாதுங்க. அந்தக் கணக்குல யோசிச்சிட்டேன்" என்றார். அக்கா அப்போது சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அப்பா, நான் லிஃப்ட் பெட்டி இல்ல. மோட்டார். கரண்ட் குடுக்காம ஓடுன்னா எப்படிப்பா?" திட்டுவது போலச் சொல்லவில்லை. கெஞ்சுவது போலத்தான் சொன்னாள்.

பிறகு எங்கள் அறையில், ஏன் இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை என்று அவளிடம் கேட்டேன். "அவருக்குத் தெரிஞ்ச சமையலே அவ்வளவுதான், சமைச்சு அலுத்துப்போச்சுன்னு நெனச்சேன். கிரீஸ் கையைத் தேய்ச்சுக் கழுவிட்டு வந்து வெங்காயம் நறுக்கறவர்கிட்ட பத்தலன்னு எப்படிடி சொல்றது?" என்றாள். அதாவது அம்மா, அவர் அவளுக்காக அரை வயிறு. அவள் அவருக்காக அரை வயிறு. எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

இனி நல்ல செய்தி. நூலகத்தில் விளையாட்டு வீரர்களின் உணவு பற்றிய புத்தகம் ஒன்று கிடைத்தது. அப்பா சமைக்கும்போது நான் முக்காலியில் உட்கார்ந்து வாசிப்பேன். கார்போஹைட்ரேட் என்று வாசித்தால் "தமிழ்ல சொல்லு" என்பார். மாவுச்சத்து என்றால் "சோறுன்னு சொல்லேன்" என்பார். இப்போது ஓடப் போகும் முன் ஒரு வாழைப்பழமும் ரொட்டியும். வந்து வியர்வை அடங்கியதும் பால், இரண்டு முட்டை, வேகவைத்த உருளைக்கிழங்கு. மதியத்துக்கு டப்பா நிறையச் சோறும் கெட்டிப் பருப்பும் கீரையும். கீரையில் எலுமிச்சை பிழிந்தால் இரும்புச்சத்து உடம்பில் நன்றாக ஒட்டுமாம். சாப்பாட்டோடு டீ குடிக்கக் கூடாதாம், அதில் அப்பாவுக்குத்தான் வருத்தம். இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். நாங்கள் தெரிந்துகொண்டோம் என்று உனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

எல்லாம் உடனே சரியாகிவிடவில்லை. முதல் நாள் அப்பா கல்யாணப் பந்தி மாதிரி பரிமாறி, அக்கா பாதி ஓட்டத்தில் விலாவைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தாள். "இதுதான்பா ஓவர்லோடு" என்றாள். ஓடும் முன்னால் மட்டும் லேசாகக் கொடுக்கும்படி மேடம் சொல்லி அனுப்பினார். அப்பா மறுநாளே பைக்கை நிறுத்திவிட்டு வேலிக்கு உள்ளே போய், "எந்த லேசா மேடம்?" என்று கேட்டுத் தெளிந்துகொண்டு வந்தார்.

நேற்று அக்கா முழுத் தூரமும் ஓடினாள். நானும் போயிருந்தேன். கடைசிச் சுற்றில் முகம் சிவந்திருந்ததே தவிர வெளுக்கவில்லை. நீ வெளுப்பைத்தான் முதலில் பார்ப்பாய் என்பதால் அதைத்தான் நானும் பார்த்தேன். டாக்டரும் மறுபடி பார்த்துவிட்டு ஓடலாம் என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு, தட்டை நீட்டி, "இன்னும் இருக்காப்பா?" என்று கேட்டாள். அப்பா பரிமாறிவிட்டுத் தொட்டிப் பக்கம் திரும்பி, ஏற்கெனவே கழுவி வைத்த கரண்டியையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தார்.

ஓட்டம் முடிந்த பிறகு உன்னிடம் சொல்லிக்கொள்ளலாம் என்பது அப்பாவின் எண்ணம். "அவ அங்க நிம்மதியா வேலை பாக்கட்டும்" என்கிறார். அது மட்டும் காரணமில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. உன் போன் வருவதற்கு முன்னால் அவர் சமையலறையைத் துடைத்து வைக்கிறார். போனில் சமையலறை தெரியாது என்று நான் சொன்னால் கேட்பதில்லை.

அக்காவிடம் இன்று மாலை கேட்டேன், எழுதட்டுமா என்று. ஷூ நாடாவை அவிழ்த்து, இரண்டு ஷூவையும் சுவரோரம் வைத்தாள். "எழுது. எத்தனை நாள் அம்மாகிட்ட முழுங்கறது? ஆனா விழுந்தேன்னு மட்டும் எழுதி நிறுத்திடாதே. ஏன் விழுந்தேன்னு எழுது. எந்திரிச்சேன்னும் எழுது" என்றாள். அம்மா ஓட வேண்டாம் என்று சொன்னால் என்ன செய்வாய் என்று கேட்டேன். "வாக்குக் குடுத்திருக்கேனே. ஓட மாட்டேன்" என்றாள். அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள்.

அதனால் எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். நீ சொன்ன வார்த்தை வார்த்தைதான், அதை மாற்று என்று கேட்க எனக்கு வயதில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது, அக்கா எடுத்தால், எடுத்த எடுப்பில் "சாப்பிட்டியா?" என்று கேள். வேறு எதுவும் சொல்ல வேண்டாம். அவளுக்குப் புரிந்துவிடும். அப்பாவிடமும் அதையே கேள், அம்மா. அவரை யாரும் கேட்பதில்லை.

நீயும் வேளைக்குச் சாப்பிடு.

உன் அன்பு மகள்,
சின்னவள்

பி.கு. (காலையில் எழுதுவது): நேற்று ராத்திரி உறைமேல் முகவரி எழுதுவதற்குள், விடியற்காலையில் ஓடப் போகிறவள் தூங்க வேண்டும் என்று அப்பா வந்து விளக்கை அணைத்துவிட்டார்.