தொங்கும் என்ஜினை யாரும் தொடக்கூடாது

2 பிப்ரவரி, ஞாயிறு

முற்றத்தில் கார் வாயைப் பிளந்து நிற்கிறது. மச்சான் பானட்டையே கழற்றி மதிலோரம் சாத்திவிட்டார். டயர்களுக்குக் கட்டை போட்டு, பாட்டரி வயரை எடுத்து, கூலண்டையும் ஆயிலையும் வடித்தாகிவிட்டது. பழைய என்ஜின் இனி ரிப்பேருக்கு லாயக்கில்லையாம். வேறொன்று தோப்பும்படிப் பழைய சாமான் கடையிலிருந்து வந்து, சாக்கு போர்த்திக்கொண்டு சிட்அவுட் திண்ணையில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருக்கிறது. மாற்றப் போவது யூசுப் மச்சான். என் வீட்டுக்காரர், ஹார்பரில் படகு மெக்கானிக். ஒர்க்‌ஷாப்பில் விடலாமே என்றேன்.

"மெக்கானிக் வீட்டு வண்டிய வேற மெக்கானிக் பாக்கணுமா? ஹார்பர்ல சிரிப்பாங்கடீ."

சிரிக்கட்டுமே! அக்டோபரில் அந்த ஹார்பரில்தானே வலது தோள் கிழிந்தது? படகிலிருந்து தூக்கிய என்ஜின் ஆடியபோது, கட்டிப்பிடித்து நிறுத்தப் பார்த்தார். தசைநார் பாதி கிழிந்திருக்கிறது, ஆபரேஷன் வேண்டும், பாரம் எடுத்தால் மீதியும் போய்விடும், அப்புறம் தைக்கவும் வழியில்லை என்று டாக்டர் கிருஷ்ணபிரசாத் சொன்னார். மச்சான் அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை. "சரியாயிடுச்சு" என்பது ஒன்றே பேச்சு. சரியான கை ஒரு சட்டை மாட்ட இவ்வளவு நேரமா எடுக்கும்?

எனக்கு இந்தக் கார் வேண்டாம். அந்தக் கை வேண்டும்.

4 பிப்ரவரி, செவ்வாய்

ஜூ டவுனில் நான் கணக்கெழுதும் ஏலக்காய்க் கடையில் வேலை முடித்து வந்தால், தெரு முனையிலேயே பெட்ரோல் வாடை. மச்சான் பெட்ரோல் டியூபைக் கழற்றிக் கேனில் வடித்துக்கொண்டிருக்கிறார். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் அடுப்பில் சாயா கொதிக்கிறது. அவரே வைத்த சாயா!

ஓடிப்போய் சிலிண்டரை மூடினேன். பிறகு வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். பக்கத்து வீட்டு அம்மிணி சேச்சி மதிலுக்கு மேல் தலையை நீட்டினார்.

"எந்தா சுல்ஃபத்தே, தீ பிடிச்சோ?"

"இல்ல சேச்சி, இனிமேதான்."

வாடை போகும்வரை அடுப்பு பற்றவைக்கவில்லை. ராத்திரிக்குக் கடைப் புரோட்டா. அவரும் நானும் ஆளுக்கொரு மூலையில்.

5 பிப்ரவரி

பேச்சு வார்த்தை இல்லை.

7 பிப்ரவரி, வெள்ளி

ஜும்ஆ முடிந்து வந்தவர் தாமாகவே வாயைத் திறந்தார். ஞாயிற்றுக்கிழமை தூக்கலாமாம். இரும்புக் குழாயால் ஆன முக்காலியும், அதில் தொங்கவிட்டுப் பாரம் தூக்கும் செயின் பிளாக்கும் ஹார்பரிலிருந்து வந்துவிட்டன. செயினை வலித்து இழுக்க அவர் தம்பி ஷமீல் வருவான். வெலிங்டன் தீவில் துறைமுக ஆபீஸில் பேனா பிடிப்பவன்.

ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். தொங்கும் என்ஜினை யாரும் தொடக்கூடாது. கயிறு கட்டித் தூரத்தில் நின்று பிடிக்கவேண்டும்.

"தண்ணியில படகு ஆடும். என்ஜின அணைச்சுப் பிடிக்கலேன்னா பலகைய உடைச்சிடும். அதுக்காகப் பிடிக்கிறீங்க, சரி. நம்ம முற்றமும் ஆடுமா மச்சான்?"

சிரித்தார். "ஆடாதுதான். ஆனா கை தானாப் போகும்டீ. பழக்கம்."

சொன்னது விளையாட்டாகத்தான். தானாகப் போகிற கையை யார் தடுப்பது?

9 பிப்ரவரி, ஞாயிறு

எழுத முடிகிறதா பார்க்கிறேன்.

முதலில் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. ஷமீல் செயினை வலித்தான், நான் கயிறு பிடித்தேன், மச்சான் எட்ட நின்றார். என்ஜின் மெல்ல மேலே வந்தது. வந்துகொண்டே இருந்தது, சட்டென்று ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கியர் பாக்ஸுக்குப் பின்னால் ஒரு எர்த் வயர் — அதைக் கழற்ற விட்டுப்போயிருக்கிறது. அது பிடித்து இழுத்ததில் முக்காலியின் ஒரு கால் டைல்ஸில் வழுக்கியது.

மச்சான் பாய்ந்துவிட்டார். நான் வேண்டாம் வேண்டாம்னு கத்துறேன், காதுல விழவே இல்ல, ரெண்டு கையாலயும் அந்த எழவ கட்டிப் பிடிச்சிட்டார்! கயிற்றை விட்டேன். பின்னாலிருந்து அவர் சட்டையைப் பிடித்து என் முழு பலத்தோடு இழுத்தேன். இருவரும் மல்லாக்க விழுந்தோம். என்ஜின் கார் மூக்கில் மோதித் தரையில் இறங்கியது. முக்காலி, அவர் நின்ற இடத்திலேயே சரிந்தது.

ஷமீலுக்குப் பயத்தில் சிரிப்பு வந்துவிட்டது. "மதினி, போனது பழைய என்ஜின்தானே!" அறைந்திருப்பேன். கை எழவில்லை.

மச்சான் தரையிலேயே தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வலிக்குதா?"

"இல்ல."

இல்லையாம். உதடு வெளுத்துக் கிடக்கிறது.

10 பிப்ரவரி

காலையில் ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போனார். போனை எடுக்கவில்லை. கடையில் கூட்டல் எல்லாம் தப்பு. எங்கே போனார்? என்ன செய்துகொண்டிருக்கிறார்? மாலை மக்ரிப் தொழுகைக்குப் பிறகு வந்தார். ஹார்பர் பாலத்தடியில் உட்கார்ந்து படகு பார்த்தாராம். பகல் முழுக்கவா? மீன் குழம்பை ஊற்றி வைத்தேன். இடது கையில் ஸ்பூன் பிடித்துச் சாப்பிட்டார். நான் பார்க்காத மாதிரி இருந்தேன். அவரும் நான் பார்க்காத மாதிரி இருந்தார்.

13 பிப்ரவரி

வண்டியை அப்படியே ஆக்கருக்கு, பழைய இரும்பாகப் போடச் சொன்னேன். ஆனால் சாயங்காலம் முக்காலிக் கால்களுக்கு அடியில் பலகை வைத்து, மூன்றையும் ஒன்றோடொன்று சங்கிலியால் கட்டிக்கொண்டிருந்தார். இடது கையால். போல்ட் முறுக்க மட்டும் என்னைக் கூப்பிட்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஸ்பானரை என் கையில் கொடுத்தது இதுதான் முதல் தடவை.

16 பிப்ரவரி, ஞாயிறு

மாற்று என்ஜின் உள்ளே இறங்கும் நாள். இன்று செயின் என் கையில். கயிறு ஷமீல் கையில். மச்சான் சிட்அவுட் படியில்.

"இறக்கு. நில்லு. கொஞ்சம் இறக்கு. ஷமீலே, உன் பக்கம் கயிற வலி. மதி மதி, போதும்."

அவர் குரலுக்குத்தான் என் கை நகர்ந்தது. நடுவில் என்ஜின் ஒரு ஆட்டம் ஆடியது. படியிலிருந்து எழுந்துவிட்டார், கை நீண்டுவிட்டது. "மச்சான்!" என்றேன். கத்தவில்லை. எனக்கே கேட்காத குரலில்தான் வந்தது. நின்றார். திரும்பிப் போய் உட்கார்ந்தார். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டார். ஒரு மெக்கானிக் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பார்க்கப் பாவமாக இருந்தது. கோபமெல்லாம் எங்கே போயிற்றோ.

ஆட்டம் தானாக அடங்கியது. என்ஜின் அதன் இடத்தில் போய் உட்கார்ந்தது. ஷமீல்தான் போல்ட் எல்லாம் முறுக்கினான், ஒவ்வொன்றுக்கும் அண்ணனிடம் திட்டு வாங்கிக்கொண்டு.

21 பிப்ரவரி, வெள்ளி

வண்டி கிளம்பியது. சாவியை அவர் போடவில்லை. நீ போடு என்றார்.

24 பிப்ரவரி, திங்கள்

எங்கே போகிறோம் என்று அவர் சொல்லவில்லை. "வண்டிய எடு" என்றார், எடுத்தேன். வலப்பக்கம் திரும்பு, நேரே போ என்று சொல்லிக்கொண்டே வந்தவர், ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தச் சொன்னார்.

டாக்டர் கையைத் தூக்கச் சொன்னார். அக்டோபரில் இதே அறையில் உடம்பையே ஒரு பக்கம் சாய்த்து, கை உயருகிற மாதிரி காட்டிய மனிதர் இவர். இன்று நேராக நின்றார். கை மார்புவரை கூட வரவில்லை.

"இத்ரயே உள்ளூ டாக்டரே. இவ்வளவுதான் போகும்."

டாக்டர் புது ஸ்கேன் எடுக்கவைத்துப் பார்த்துவிட்டு, இது பழைய கிழிசல் மட்டும் இல்லையே என்றார்.

"ரெண்டு தடவ. ஒண்ணு படகுல. ஒண்ணு வீட்டு முற்றத்துல, இவ வேண்டான்னு கத்தக் கத்த."

நான் கத்தியது அவருக்குக் கேட்டிருக்கிறது.

"தைக்க முடியுமா டாக்டரே?" என்று அவரே கேட்டார்.

"முடியும். இனியும் தாமதிச்சா முடியாது."

மச்சான் என் பக்கம் திரும்பவில்லை. "நாளைக்கே வைங்க" என்றார்.