சேலை மடிப்பில் காந்தாரி மிளகாய்

என் பழனம்மாவுக்கு,

"ஏனுங்க, டாக்டரு உப்பத்தானுங்களே வேண்டாம்னாரு? மொளகாயுமா வேண்டாம்னாரு?"

நீ என்னிடம் கேட்ட கேள்வி இது. பாயில் உட்கார்ந்திருந்தாய். முன்னால் வெள்ளைச் சோறும் வேகவைத்த சுரைக்காயும். நான் மோர் ஊற்றிக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்காமலே, "பத்தியம்னா எல்லாந்தான், தின்னு" என்றேன். நீ மறுபடி கேட்கவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் வகுப்பில் நின்று, புரியாவிட்டால் இன்னொரு தரம் கேளுங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லி வந்தவன் நான். அதை வீட்டில் ஒரு நாளும் சொல்லவில்லை.

போன மாதம் உன் முதல் வருஷத் திதி. உன் தங்கை சரசு மலையிலிருந்து இறங்கி வந்திருந்தாள். அன்றைக்கு நடந்ததை உன்னிடம் சொல்லியாக வேண்டும். ஆனால் எந்தப் பாடத்தையும் நடுவிலிருந்து தொடங்கி எனக்குப் பழக்கமில்லை. உனக்குத் தெரிந்ததிலிருந்தே வருகிறேன், பொறுத்துக்கொள்.

நான் ரிட்டயர் ஆன வருஷமே உனக்குத் தலைசுற்றல் வந்தது. கொல்லங்கோட்டில் பஸ் ஏறிப் பாலக்காடு போனோம். டாக்டர் உன் கையில் பட்டையைக் கட்டிக் காற்றடித்துப் பார்த்துவிட்டு, பிரஷர் ரொம்ப அதிகம் என்றார். ஒரு சீட்டில் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தார். பஸ்ஸில் வரும்போது ஒரு தரம் மேலோட்டமாகப் படித்தேன். வீட்டுக்கு வந்ததும், பள்ளிக்கூடத்துப் பழக்கம், ஒரு அட்டையை வெட்டிப் பெரிய எழுத்தில் எழுதினேன்: உப்பு, புளி, காரம், எண்ணெய் கூடாது. அடுப்புக்கு மேலே ஆணி அடித்து மாட்டினேன். டாக்டரின் சீட்டு டிரங்குப் பெட்டிக்குள் போயிற்று.

நம் பக்கத்தில் பத்தியம் என்றால் உப்பும் புளியும் காரமும் சேர்ந்தேதான் வெளியே போகும். சின்ன வயதில் மஞ்சள் காமாலையில் கிடந்தபோது நாட்டு வைத்தியர் எனக்குச் சொன்னதும் அதுதான். உப்பு என்று எழுதிய கை, யாரையும் கேட்காமல் அடுத்த இரண்டையும் எழுதிவிட்டது.

உன் கைக் காரம் இந்தத் தெருவுக்கே தெரியும். மழை இருட்டிக்கொண்டு வந்தால் பருப்பு வடை. அசதி என்றால் அரிசிம்பருப்புச் சோறு, மேலே மிளகாய் கிள்ளித் தாளித்து. சளி என்றால் மூக்கில் நீர் வரவைக்கும் கொள்ளு ரசம். நமக்குப் பிள்ளையில்லை. இந்த வீட்டில் கலகலப்பாக இருந்தது உன் தாளிப்புச் சட்டி ஒன்றுதான். அதை நான் கவிழ்த்து வைத்தேன். பதினோரு மாதம் நானே சமைத்தேன், நானே பரிமாறினேன். எல்லாம் வெந்திருக்கும், எல்லாம் சுத்தமாக இருக்கும், ஒன்றுக்கும் ருசி இருக்காது.

சோற்றை வாங்கிக்கொண்டு நீ ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார ஆரம்பித்தாய். காற்று வருகிறது என்றாய். நம்பினேன்.

மாதம் ஒரு தரம் டாக்டர், பத்தியமெல்லாம் சரிதானே என்று மலையாளத்தில் கேட்பார். "மாஷே, பத்தியமொக்கெ சரியல்லே?" அணுவளவும் பிசகில்லை என்பேன். நல்ல வாத்தியார் என்று சிரிப்பார். நீ உன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருப்பாய்.

பிறகு மாசி மாதத்தில் ஒரு காலை, கிணற்றடியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

காரியம் முடிந்த அன்று, உன் சேலைகளைச் சொந்தக்காரப் பெண்களுக்குக் கொடுப்பதற்காகச் சரசு உன் பெட்டியைத் திறந்தாள். ஊதாச் சேலையின் மடிப்பில் ஒரு துணி முடிச்சு இருந்தது. அவிழ்த்தாள். உள்ளே காந்தாரி மிளகாய், ஊசி மாதிரி இருக்கிற அந்தக் குட்டி மிளகாய், ஒரு பிடி இருக்கும். கிணற்றடிச் செடியில் பறித்தது. சில காய்ந்து சுருங்கியிருந்தன. இரண்டு மூன்றில் நுனி கடிபட்டிருந்தது. சரசு முடிச்சை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டுப் போனாள்.

வகுப்பில் பெஞ்சுக்கு அடியில் வைத்துப் புளியங்காய் தின்னும் பிள்ளையைத் தாடை அசைவிலேயே பிடித்துவிடுவேன் நான். என் வீட்டில், எனக்கு ஆறடி தூரத்தில், சோற்றுக்குள் மிளகாயை மறைத்துக் கடித்துக்கொண்டிருந்தாய் நீ.

அதோடு முடிந்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். ஆடி மழைக்குப் பிறகு சமையலறை ஜன்னலுக்கு வெளியே செடிகள் முளைத்தன. ஏழெட்டு இருக்கும், சுவரை ஒட்டி வரிசையாக. களை என்று பிடுங்கக் குனிந்தேன். இலையைக் கசக்கி மோந்த பிறகுதான் தெரிந்தது, காந்தாரி. யாரும் விதைக்கவில்லை. நீ உட்காரும் இடத்திலிருந்து கடித்த மிச்சத்தையும் காம்பையும் வீசினால் அங்கேதான் விழும். பதினோரு மாதம் நீ மறைத்தது மண்ணுக்கு மேலே பச்சையாக நின்றது.

அன்றிலிருந்து மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தால் எனக்குப் பின்னால் 'நறுக்' என்று ஒரு சத்தம் கேட்கிறது. மிளகாய் கடிபடும் சத்தம். திரும்பிப் பார்ப்பதில்லை. பார்த்தால் நீ வாயை மூடிக்கொள்வாய் என்று ஒரு நினைப்பு.

ஐப்பசியில் சரசுவிடமிருந்து கடிதம் வந்தது. அவள் புருஷன் எஸ்டேட் டீ ஃபாக்டரியில் மெஷின் பார்க்கிறார், உனக்குத் தெரியும். அவர்கள் சின்னப் பெண் இப்போது ஏழாவது படிக்கிறாள், கடிதம் அவள் கையெழுத்து. சரசு சொல்லி எழுதவைத்ததை அவள் பேச்சிலேயே தருகிறேன்: "மாமா, எஸ்டேட் ஆசுபத்திரியில எனக்கும் பிரஷருன்னு சொல்லிப்போட்டாங்க. உப்ப நிறுத்தச் சொல்றாங்க. நான் நிறுத்தறதா இல்லீங்க. அக்கா தட்டப் பாத்தவ நானு. அப்படித் தின்னு இருக்கறதுக்கு, இருக்கற வரைக்கும் நல்லாத் தின்னுபோட்டுப் போறேன்."

உன்னைக் கொண்டுபோனது அவளையும் கொண்டுபோகப் பார்க்கிறது, அவள் வழிமறிக்காமல் நிற்கிறாள். அதற்குக் காரணம் நான் போட்ட தட்டு. புத்தி சொல்லி எழுதலாம், டாக்டர் எழுதிக் கொடுத்ததை அப்படியே நகல் எடுத்து அனுப்பலாம் என்று டிரங்குப் பெட்டியைத் திறந்து அந்தச் சீட்டைத் தேடி எடுத்தேன்.

உப்பு வேண்டாம். ஊறுகாய், அப்பளம், கருவாடு வேண்டாம். எண்ணெயில் பொரித்தது வேண்டாம். எண்ணெயைக் குறைக்கவும். அவ்வளவுதான், பழனம்மா. திருப்பிப் பார்த்தேன். வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்துப் பார்த்தேன். மிளகாய் என்று எங்கும் இல்லை. புளி என்று எங்கும் இல்லை.

அட்டையைக் கழற்றினேன். கார்த்திகையில் நம் வீட்டுக்குக் கரண்ட் வந்தது. நீ பார்க்காத வெளிச்சம். சமையலறையில் பல்பைப் போட்டதும் புகையேறிய சுவரில் அட்டை தொங்கிய இடம் மட்டும் வெள்ளையாக, நாலு மூலையோடு தெரிந்தது. ஆள் போன பிறகும் பாயில் கிடக்கிற தடம் மாதிரி.

சரசுவுக்கு மூன்று வரிதான் எழுதினேன். திதிக்கு வா. அதுவரைக்கும் உப்பை மட்டும் பாதியாக்கு. மற்றதை நேரில் சொல்கிறேன்.

அதன் பிறகு உன் அடுப்பில் நான் மாணவன். வகுப்பில் மூன்று பிள்ளைகள் சேர்ந்து ஒப்பிக்கும் பாடம் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள். ஒருத்தன் வரவில்லை. மற்ற இருவரையும் கொஞ்சம் உரக்கச் சொல்லச் சொன்னால் பாடம் நடந்துவிடும். உப்பு வராத நாளில் புளிப்பையும் காரத்தையும் உரக்கச் சொல்லவிட வேண்டும். நான் மூவரையும் வெளியே நிறுத்திவிட்டு, வகுப்பு அமைதியாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டவன்.

முதலில் அரிசிம்பருப்புச் சோறு. கை நிறையச் சின்ன வெங்காயம், வழக்கத்தைப் போல இரண்டு பங்கு பூண்டு. மிளகும் சீரகமும் வெறும் சட்டியில் வறுத்து நுணுக்கினேன். வரமிளகாயைத் தாளிக்காமல் தணலில் சுட்டுக் கிள்ளிப் போட்டேன். எண்ணெய் ஒரு சின்னக் கரண்டியோடு சரி. இறக்கியதும் அரை எலுமிச்சம்பழம் பிழிந்தேன். முதல் நாள் காரம் கூடிப்போய் இரண்டு சொம்பு மோர் குடித்தேன். நாலாவது நாள் உப்பில்லை என்பதையே மறந்து மறுசோறு போட்டுக்கொண்டேன். இத்தனை எளிதா இது?

வடைதான் கஷ்டப்படுத்தியது. கடலைப் பருப்பை ஊறவைத்துக் கரகரப்பாக அரைத்து, இஞ்சி, வெங்காயம், கறிவேப்பிலை, சோம்பு, ஜன்னலோரச் செடியின் காந்தாரி எல்லாம் சேர்த்துத் தட்டினேன். பொரிக்கக் கூடாதே. இட்லிப் பானையில் ஆவியில் வேகவைத்து, பிறகு தோசைக்கல்லில் எண்ணெய் தொட்டு இரு பக்கமும் சிவக்கவிட்டேன். ஐந்தாறு தரம் உதிர்ந்தது. பருப்பில் நீர் நன்றாக வடிந்த பிறகு அரைத்தால் உதிராது என்று கடைசியில் புரிந்தது. தொட்டுக்கொள்ளப் புளியும் சுட்ட மிளகாயும் அரைத்த துவையல்.

திதியன்று எல்லாமே அப்படித்தான் சமைத்தேன். பக்கத்துத் தோட்டத்து மயிலாத்தாள் உதவிக்கு வந்தவள், குழம்பைக் கரண்டியில் எடுத்துக் கையில் விட்டு ருசி பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"உப்பில்லாமப் படைச்சா காக்கா எட்டிக்கூடப் பாக்காதுங்க, வாத்தியாரே."

"பாக்கலாம், மயிலாத்தா."

"பழனக்காவே வந்து மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போகப்போறா."

காக்கா வந்தது. சோற்றைக் கொத்தியது, வடையைத் தூக்கிக்கொண்டு தென்னைமேல் போய் உட்கார்ந்தது. மயிலாத்தாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எனக்கு அதில் ஆறுதல் வரவில்லை. பசித்த காக்கா எதையும் தின்னும். நான் காத்திருந்தது சரசுவுக்காக.

இலை போட்டு உட்காரவைத்தேன். வடையை விரலால் தட்டிப் பார்த்தாள்.

"வடைக்குக் காச்சல் வந்துருச்சுங்களா மாமா? இப்படி எளச்சுக் கெடக்குது."

"தின்னு பாரு."

ஒரு கடி கடித்தாள். கை அப்படியே நின்றது.

"இதுல உப்பு எத்தனைங்க?"

"இல்ல. எதுலயும் இல்ல."

"பொய் சொல்லாதீங்க. இது அக்காளோட காரமுங்க."

"காரம் அவளுதுதான். ஜன்னலுக்கு வெளிய மொளச்சிருக்குது, போய்ப் பாரு."

அவள் எழுந்து போகவில்லை. நான் சட்டைப் பையிலிருந்து டாக்டரின் சீட்டை எடுத்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். பிறகு நான் எழுதிய அட்டையைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தேன். அதை அவளே படித்தாள். மெதுவாக, எழுத்துக் கூட்டி, இரண்டு தரம்.

"இது அக்காளுக்குத் தெரியுமுங்களா?"

"கேட்டா. நான் சொல்லல."

"உங்களுக்கே தெரியாதுங்களே."

"பெட்டியத் தொறந்து பாத்திருக்கலாமே, சரசு."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டட்டும் என்றும் இருந்தது. திடீரென்று சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு.

"பதினோரு மாசமுங்க மாமா. ஊருப் பிள்ளைங்களையெல்லாம் புடிச்சீங்க, ஊட்டுல இருந்தவளப் புடிக்க முடியலயே. உங்கள ஏய்ச்சுப்போட்டு உள்ளுக்குள்ள என்ன சிரிப்புச் சிரிச்சிருப்பா."

சிரிப்பு முடிந்ததும் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். இலையில் இருந்ததை மிச்சமில்லாமல் தின்றாள். வடை இன்னும் இரண்டு கேட்டு வாங்கினாள். கை கழுவி வந்து சொன்னாள்: "இதெல்லாம் பண்ற விதத்த எழுதிக் குடுங்க. அட்டையில மட்டும் எழுதாதீங்க."

நோட்டுத் தாளில் எழுதிக் கொடுத்தேன். நேற்று அவள் கடிதம் வந்தது. உப்பு டப்பாவை அடுப்படியிலிருந்து எடுத்து, ஆத்திர அவசரத்துக்கு மட்டும் என்று மேல் பலகையில் ஏற்றிவிட்டாளாம். மலைக் குளிருக்கு மிளகு இன்னும் கொஞ்சம் கூட்டியிருக்கிறாளாம். வடை ஆறுவதற்குள் சின்னப் பெண் எடுத்துக்கொண்டு ஓடிவிடுகிறாளாம். ஆசுபத்திரி மாத்திரையும் ஒழுங்காகத் தின்கிறாள். அவள் பிழைத்துக்கொள்வாள் என்று நினைக்கிறேன்.

காரம் கொடுத்திருந்தால் நீ பிழைத்திருப்பாய் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல எனக்கு வைத்தியம் தெரியாது. கடைசிப் பதினோரு மாதம் ஆசையோடு சாப்பிட்டிருப்பாய். அதைத்தான் நான் எடுத்துக்கொண்டேன். திருப்பிக் கொடுக்கப் போனால் வாங்க ஆளில்லை.

ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டும். ஜன்னல் பக்கம் திரும்பி அந்த மிளகாயைக் கடித்தபோது, சரசு சொல்கிற மாதிரி சிரித்தாயா? இல்லை, என் காலடிச் சத்தத்துக்குக் காது வைத்துக்கொண்டு, பயந்து பயந்து விழுங்கினாயா? சிரித்தாய் என்றால் நான் ஏமாந்த புருஷன், அவ்வளவுதான். பயந்தாய் என்றால் முப்பது வருஷம் இந்த வீட்டில் நான் யாராக இருந்தேன்?

மத்தியானத்தில் 'நறுக்' என்று கேட்கும்போதெல்லாம் இதைக் கேட்டுப் பார்க்கிறேன். நேற்றிலிருந்து உனக்கும் ஒரு தட்டு வைக்கிறேன், ஜன்னலைப் பார்த்து அல்ல, எனக்கு எதிரில். சோற்றின் மேலேயே ஒரு காந்தாரி, எல்லோரும் பார்க்கிற மாதிரி. இந்த வீட்டில் இனி யாரும் எதையும் சேலை மடிப்பில் ஒளித்து வைக்க வேண்டாம். அதை உனக்கு வாக்காகத் தருகிறேன். யார் எதைக் கேட்டாலும் தலையைத் தூக்கி, முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வேன்.

நமக்கு நடுவே இதைப் படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு ஒன்று: உங்கள் வீட்டில் பத்தியத் தட்டு ஒன்று இருந்தால், இன்றைக்கு டாக்டரின் சீட்டை எடுத்து முழுதும் படித்துவிட்டு, அதில் வேண்டாம் என்று எழுதாத ஒன்றை அந்தத் தட்டில் வையுங்கள்.

உன் ஊட்டுக்காரன்,
சரசுவின் மாமா