ஆற்றோரப் பாதையில் ஒரு செருப்புச் சத்தம்

அன்புள்ள கோமு மதினிக்கு,

சாரல் விழ ஆரம்பித்துவிட்டது. உனக்கு முதலில் இதைத்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. காலையில் மேலகரத்தில் கதவைத் திறந்தால் மலையைக் காணவில்லை, வெறும் வெள்ளை. அருவியில் தண்ணீர் வந்துவிட்டது என்று வெளியூர் வேன்கள் நம் தெருமுனை வரைக்கும் வந்து நிற்கின்றன. நீ இருந்திருந்தால் "வந்துட்டானுவ, இனி நம்ம ஊர்ல நமக்கே நடக்க எடம் கெடையாது" என்று ஒரு பாட்டம் திட்டித் தீர்த்திருப்பாய்.

நீ பங்குனியில் போனாய். உனக்கு எழுத வேண்டும் என்று அப்போதிருந்தே நினைப்புதான். என்ன எழுத? நீ சௌக்கியமா என்று கேட்கவா? ஆனால் இப்போது உன்னிடம் சொல்லியே தீர வேண்டிய சேதி ஒன்று இருக்கிறது. உன் வீட்டுக்காரரைப் பற்றியது. பயப்படாதே, நன்றாகத்தான் இருக்கிறார்.

இந்தக் கடிதத்தை நீ படிக்கப் போவதில்லை, வேறு யார் யாரோதான் படிப்பார்கள். படிக்கட்டும். அவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன். தெரிந்த கதையையே சொல்கிறாளே என்று நீ சலித்துக்கொள்ளாதே.

உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு வீடுதான். உன் வீட்டுக்காரரை நான் அண்ணாச்சி என்று கூப்பிட்டதால் நீ எனக்கு மதினியானாய். ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் ஜன்னலில் உட்கார்ந்து, வருகிறவர்களிடமெல்லாம் "நடங்க, நடந்தாத்தான் சர்க்கரை குறையும்" என்று வேலை பார்த்த காலம் முழுக்கச் சொன்னவள் நான். எனக்கே சர்க்கரை வந்தபோது ஒரு எட்டு நடக்கவில்லை. நீதான் வாசலில் வந்து நின்றாய். "ஏட்டி செம்பகம், செருப்ப மாட்டு" என்றாய். அவ்வளவுதான், ஆரம்பித்துவிட்டது.

புதிதாகப் பிளாட் போட்டுக் கலர்க் கல் நட்டிருக்கிறார்களே, அதைத் தாண்டினால் தென்னந்தோப்பு, தோப்புக்குப் பின்னால் சிற்றாறு. அங்கிருந்து ஆற்றோரமாகவே குற்றாலத்தைப் பார்த்துப் போகிற ஒற்றையடிப் பாதை. இந்தப் பக்கம் மாடி வீடுகளும் தண்ணீர்த் தொட்டிகளும் தெரியும். பத்து எட்டு உள்ளே போனால் மருத மரமும் மூங்கிலும் மூடிக்கொண்டு, ஊரே இல்லாதது போல இருக்கும். நம் தெருவில் பாதிப் பேருக்கு இப்படி ஒரு பாதை இருப்பதே தெரியாது. தெரியாமலே இருக்கட்டும் என்றுதான் நாம் இரண்டு பேரும் யாரிடமும் சொல்லவில்லை.

அண்ணாச்சியும் கூட வருவார். கூட என்றா சொன்னேன்? மிலிட்டரிக்காரர், நமக்கு முன்னால் வெகுதூரத்தில் போவார். இந்தப் பொம்பளைகளுக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லை என்பது போல ஒரு நடை. ஆனால் பாதை வளைகிற இடத்தில் இருக்கிற பெரிய மருத மரத்தடிக்கு வந்ததும் நின்றுவிடுவார். கையைச் சுற்றுவார், இடுப்பை வளைப்பார், என்னவோ உடற்பயிற்சி செய்வது போல. நம் பேச்சும் செருப்புச் சத்தமும் கேட்டதும் திரும்பிக்கூடப் பார்க்காமல் மறுபடி நடப்பார்.

"பாத்தியா, காவல் காக்காரு" என்று நீ என் விலாவில் இடிப்பாய். "நின்னு கூட வந்தா கவுரவம் கொறஞ்சிரும்லா."

குற்றாலத்துப் பக்கம் போய் ஏறியதும் டீக்கடை. சர்க்கரை குறைய நடந்துவிட்டு, சீனி போட்ட டீயும் வாழைக்காய் பஜ்ஜியும். அதையும் நாம் யாரிடமும் சொல்லவில்லை. திரும்பி வந்ததும் உன் வீட்டுக் கேட்டில் நின்று நான் "நாளைக்கு வாரேன்" என்பேன். கேட்டைச் சாத்திக்கொண்டே அண்ணாச்சி "ம்" என்பார். அத்தனை வருஷத்தில் எனக்கும் அவருக்கும் நடந்த பேச்சு வார்த்தை அந்த "ம்" மட்டும்தான்.

பிறகு அந்த நெஞ்சுவலி. தென்காசி ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் என் கையைத்தான் பிடித்திருந்தாய். அதைப் பற்றி இங்கே எழுத மாட்டேன், எழுதினால் இந்தக் கடிதம் முடியாது.

உன்னை எடுத்துக்கொண்டு போன பிறகு நானும் கிளம்பினேன். உன் வீட்டுக்காரர் வாசலில் நின்றார். துட்டி வீட்டில் "வாரேன்" என்று சொல்லக் கூடாது. சொன்னால் இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்று சொன்னதாகிவிடும். எல்லோரையும் போல நானும் தலையைக் குனிந்துகொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் அந்தக் கேட்டைத் தாண்டி வந்தேன். முறைப்படிதான் செய்தேன் கோமு. இதில் என்ன தப்பு இருக்க முடியும்?

அதற்குப் பிறகு நான் நடக்கப் போகவில்லை. நீ இல்லாமல் அந்தப் பாதையில் எப்படிக் கால் வைக்க? இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். பெண்டாட்டியைப் பறிகொடுத்த மனுஷருக்குப் பின்னால் காலங்காத்தால ஆத்தோரமா நடக்காளே என்று நம் தெரு பேசும். நம் தெருவை உனக்குத் தெரியாதா? அண்ணாச்சியும் வெளியே வரவில்லை. முன்வாசலில் நாற்காலியைப் போட்டு கேட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் அந்தப் பக்கம் போனால் பார்ப்பார், ஒன்றும் சொல்ல மாட்டார். துக்கத்தில் இருக்கிறார், தொந்தரவு செய்யக் கூடாது என்று நானும் விறுவிறுவென்று தாண்டிப் போவேன்.

வைகாசிக் கடைசியில் உன் மகன் குமார் பெங்களூரிலிருந்து வந்தான். என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தான்.

"அத்தே, அப்பா வாசலத் தாண்ட மாட்டேங்குதாங்க. இட்லியப் பிச்சிப் போட்டுட்டு எந்திரிச்சிருதாங்க. இங்கன தனியா விட்டுட்டு நான் எப்பிடி நிம்மதியா இருப்பேன்? கூட்டிட்டுப் போயிரலாம்னு டிக்கெட் போட்டுட்டேன்."

"அங்க போய் என்னலே செய்வாரு?"

"பிளாட்டுக்குக் கீழயே பார்க் இருக்கு அத்தே. நடக்கதுக்கு டைல்ஸ் போட்டுருக்கு."

டைல்ஸாம். எனக்கு வாயில் வந்ததைச் சொல்லியிருப்பேன். ஆனால் பிள்ளையின் கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. அவனுக்கும் அம்மா போய்விட்டாள் அல்லவா? காப்பியைக் கொடுத்து அனுப்பினேன். அந்த வீட்டைப் பூட்டிவிட்டால் உன் பேரைச் சொல்ல இந்தத் தெருவில் என்ன மிச்சம் என்று அன்றைக்கு முழுக்க அடுப்படியில் அழுதேன்.

கிளம்ப வேண்டிய நாள். சாயங்காலம் ரயில். காலையில் குமாரிடமிருந்து போன் வந்தது.

"அத்தே, அப்பாவக் காணோம். போன வீட்டுலயே வச்சிட்டுப் போயிருக்காங்க. நான் பஸ் ஸ்டாண்ட் பக்கம் பாக்கேன். ஆத்துல வேற தண்ணி..."

நைட்டிக்கு மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன். ஆமாம், ஓடினேன். கலர்க் கல், தென்னந்தோப்பு, எல்லாம் எப்படிக் கடந்தேன் என்று தெரியாது. ஆறு செம்மண் நிறத்தில் கரையை முட்டிப் போய்க்கொண்டிருந்தது. மேலே குளிக்கிறவர்கள் வீசிய ஷாம்பு பாக்கெட்டெல்லாம் மிதந்து வந்தன. மற்ற நாளாக இருந்தால் அவர்களைத் திட்டியிருப்பேன். அன்றைக்கு அந்தத் தண்ணீரைப் பார்க்கவே பயமாக இருந்தது. செருப்பு சேற்றில் சளக் சளக்கென்று அடித்தது. உன் பேரைத்தான் சொல்லிக்கொண்டே போனேன்.

அண்ணாச்சி மருத மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார்.

கையைச் சுற்றவில்லை, இடுப்பை வளைக்கவில்லை. சும்மா நின்றார், நனைந்துகொண்டு, முதுகைக் காட்டிக்கொண்டு. என் செருப்புச் சத்தம் நெருங்கியதும், வழக்கம் போலத் திரும்பிப் பார்க்காமல் நடக்க ஆரம்பித்தார். எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. நானும் பின்னால் நடந்தேன்.

கொஞ்ச தூரம் போனார். நின்றார். முதல் முறையாகத் திரும்பினார்.

"ஒரு ஆளு செருப்புச் சத்தந்தான் கேக்கு, என்னம்மா" என்றார்.

நான் அந்த ஈர மண்ணிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன், கோமு. அவரும் அழுதார். நீ அவர் அழுது பார்த்ததே இல்லை என்பாய். நான் பார்த்தேன். என் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கொடுத்தேன், வாங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஊர விட்டுப் போறதுக்கு முந்தி ஒரு தடவ நின்னு பாப்போம்னு வந்தேன். நீ இனிமே வரமாட்டேன்னுதான் நெனச்சேன்" என்றார். "அன்னைக்கு ஒண்ணுஞ் சொல்லாமப் போயிட்டியே."

"துட்டி வீட்டுல எப்பிடி அண்ணாச்சி வாரேன்னு சொல்லுவேன்?"

"தெரியும்மா. எனக்குத் தெரியாதா? நானும் எத்தன துட்டிக்குப் போயிருக்கேன். தெரிஞ்சும், நீ சொல்லுவன்னு நின்னேன்."

நாற்காலியைப் போட்டுக் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தது அதற்குத்தான். நான் ஒவ்வொரு முறையும் மரியாதையாகத் தலையைக் குனிந்துகொண்டு தாண்டிப் போயிருக்கிறேன். சாவு வீட்டுக்கென்று ஒரு முறைமை வைத்த பெரியவர்கள், அந்த வீட்டில் மிச்சமிருக்கிற ஆளுக்கும் ஏதாவது ஒன்று சொல்லி வைத்திருக்கக் கூடாதா?

குமாருக்குப் போன் போட்டு டீக்கடைக்கு வரச் சொன்னேன். பைக்கில் நனைந்துகொண்டு வந்தான். வந்த வேகத்தில் "எங்கப்பா போனீங்க?" என்று கத்தினான்.

"நடக்கப் போனேம்லே" என்றார் அண்ணாச்சி, டீயை ஆற்றிக்கொண்டே. "சாயங்காலம் நீ போயிட்டு வா. நான் இங்கனயே இருக்கேன்."

"தனியா எப்பிடிப்பா?"

டீ கிளாஸால் என்னைக் காட்டினார். "இவ பின்னால வருவா."

பார்த்தாயா? என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாரா அந்த மனுஷர்? குமார் என் முகத்தைப் பார்த்தான். "வருவீங்களா அத்தே?" எனக்கு நெஞ்சு நிறைய "வருவேன்" இருந்தது. ஆனால் நம் தெருவின் வாயும் கண் முன்னால் வந்து நின்றது. "வீட்டுல கேட்டுட்டுச் சொல்லுதேன்" என்று எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டில் என் மனுஷர் முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். நடந்ததை எல்லாம் சொன்னேன். தெரு பேசுமே என்றும் சொன்னேன். தைலத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அண்ணாச்சின்னு வாயால கூப்பிட்டா மட்டும் போதுமாட்டி? போ. காப்பிய நான் போட்டுக்கிடுதேன்."

செருப்பைக் கூடக் கழற்றாமல் அப்படியே திரும்பினேன். அண்ணாச்சி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கேட்டில் கையை வைத்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி "நாளைக்கு வாரேன், அண்ணாச்சி" என்றேன்.

"ம்" என்றார்.

குமார் ஒரு டிக்கெட்டை ரத்து செய்துவிட்டுத் தனியாகப் போனான். இப்போது தினமும் போன் போட்டு "அப்பா நடந்தாங்களா, சாப்பிட்டாங்களா" என்று கேட்கிறான். இரண்டுக்கும் ஆமாம் என்றுதான் சொல்கிறேன், உண்மையைத்தான் சொல்கிறேன். தெரு இரண்டு நாள் பேசியது. பிறகு வேறு யாரோ கிடைத்துவிட்டார்கள். என் மனுஷர் போடுகிற காப்பி கஷாயம் மாதிரி இருக்கிறது, நல்லாயிருக்கு என்று சொல்லிக் குடிக்கிறேன்.

ஆனால் ஒன்று. ஒற்றைச் செருப்புச் சத்தம் அவருக்குப் போதவில்லை. மரத்தடியில் மட்டுமல்ல, வழி நெடுக நின்று நின்று காது கொடுத்தார். அதனால் நான் பேச ஆரம்பித்துவிட்டேன். உன்னோடுதான். சத்தமாக. யாருக்குக் கல்யாணம், தேங்காய் என்ன விலை, டீக்கடையில் குரங்கு பஜ்ஜியைத் தூக்கிக்கொண்டு போனது, எல்லாம். உன் பங்குக்கு இடம் விட்டு, மறுபடி பேசுகிறேன். இப்போது அவர் நிற்பது மருத மரத்தடியில் மட்டும்தான். நடையும் முன்னைப் போல அவ்வளவு வேகமில்லை.

நேற்று உன்னிடம் கேட்டேன், "ஏட்டி கோமு, எம் மனுஷன் காப்பிய என்னன்னு சொல்லுவ?" என்று. நீ பேச வேண்டிய இடத்தில் பேசாமல் நடந்தேன். முன்னால் போகிறவர் திரும்பவில்லை. "குடிச்சிட்டு மறுபடி பல்லு வெளக்கணும்னு சொல்லுவா" என்றார்.

அப்படியே நீ சொல்வதுதான். சிரித்துக்கொண்டே நடந்தேன், அவர் தோளும் குலுங்கியது.

உன்னால் இனி வர முடியாது, எனக்குத் தெரியும். என் காலில் நடை இருக்கிற வரைக்கும் அந்தப் பாதையில் நம் பேச்சு நிற்காது, மதினி. என் பாதியை நான் பேசுகிறேன். உன் பாதியை அவர் பார்த்துக்கொள்வார்.

நாளைக்கு வாரேன்.

உன் வீட்டுக்காரருக்குப் பின்னால் நடந்து வருகிற
உன் நாத்தனார்,
செண்பகம்