அவரிடம் சொல்ல வேண்டிய திமிங்கலங்கள்

16 நவம்பர், ஞாயிறு.

இன்று ஆபீஸ்காரர்களோடு தூண்டில் போட வெர்சோவா கடற்கரையிலிருந்து படகில் போனேன். கரை மறைந்து வெகுநேரமான பிறகு படகுக்காரர் இன்ஜினை நிறுத்தி, "தேவ்மாசா" என்று மராத்தியில் சொல்லிக் கை காட்டினார். இரண்டு திமிங்கலங்கள். ஒன்று மூச்சு விட்டபோது எழுந்த தூறல் என் முகத்தில் பட்டது. கவிச்சி வாடை. எல்லாரும் மொபைலை எடுத்தார்கள். எனக்கு என் வீட்டுக்காரர் நினைப்புதான் வந்தது.

அவர் கப்பலில் சமையல்காரர். கல்யாணமான ஆறு வருஷத்தில் வீட்டில் இருந்த மாதங்கள் குறைவு. கடலில் திமிங்கலம் பார்த்தால் போனில் ஆசையாகச் சொல்ல ஆரம்பிப்பார். "அது கெடக்கட்டும், எப்ப வாறீங்க?" என்று வெட்டிவிடுவேன். நாளடைவில் அவர் சொல்வதையே விட்டுவிட்டார்.

சாயங்காலம் திலக் நகர் வீட்டுக்குத் திரும்பியதும் அவர் கப்பலிலிருந்து போனில் கூப்பிட்டார். நான் பார்த்ததைச் சொன்னேன்.

"மூச்சு விடுத சத்தம் கேட்டியா?"

"கேட்டேன். நீங்க பக்கத்துல இல்லையேன்னு இருந்துச்சு."

"எப்ப வாறேன்னு இன்னைக்குக் கேக்கலியே?"

"கேட்டா அழுதுருவேன். நீங்க பாத்த திமிங்கலத்தச் சொல்லுங்க."

சொன்னார். முதல்முறையாகக் குறுக்கிடாமல் முழுவதும் கேட்டேன். இப்போதும் கட்டிலில் அவர் படுக்கும் இடத்தை விட்டுவிட்டு, சுவரோரமாக ஒடுங்கிப் படுத்துத்தான் இதை எழுதுகிறேன்.