ஏறாத பூஸ்ட் மீட்டர்

12-8-87, புதன்.

தோல் பதனிடும் டேனரி முதலாளியின் ஜப்பான் காரில் இன்று பூஸ்ட் மீட்டர் பொருத்தினேன். டர்போ எவ்வளவு காற்றை எஞ்சினுக்குள் தள்ளுகிறது என்று காட்டும் மீட்டர். சிங்கப்பூரிலிருந்து அவரே வரவழைத்தது. எஞ்சின் பக்கத்து ரப்பர் குழாயை வெட்டி, ஜாயின்ட் போட்டு, டேஷ்போர்டு வரை டியூப் இழுத்தேன்.

முதலாளியையும் அவருடைய டிரைவர் தாசையும் ஏற்றிக்கொண்டு மாதனூர் வரை ஓட்டினேன். எவ்வளவு மிதித்தும் முள் பூஜ்யத்தைத் தாண்டவில்லை. ஷெட்டுக்குத் திரும்பி, மீட்டரைக் கழற்றி, சைக்கிள் பம்பால் காற்றடித்துக் காட்டினேன். முள் ஒழுங்காக ஏறியது. டர்போதான் செத்துக் கிடக்கிறது.

"நேத்து வரிக்கும் நல்லா இருந்த வண்டி. இன்னா பண்ணி வெச்சே?" என்றார் முதலாளி.

"டர்போ முன்னாடியே போயிருக்கு சார். தாசைக் கேளுங்க."

மேட்டில் வண்டி இழுக்கவில்லை, சொன்னால் பழி தன்மேல் விழும் என்று போன மாதமே என்னிடம் புலம்பியவன் தாஸ். இன்று தரையைப் பார்த்தபடி, "நேத்துகூட நல்லாத்தான் இழுத்துச்சு சார்" என்றான்.

உண்மை நாக்கு நுனி வரை வந்தது. அவன் என் தங்கையின் புருஷன். விழுங்கிக்கொண்டேன்.

இனி கம்பெனி வண்டி ஒன்றும் இந்த ஷெட்டுக்கு வராது என்று சொல்லிவிட்டு முதலாளி போய்விட்டார். பதினோரு வருஷ வேலை.

சாயந்திரம் தாஸ் வந்தான். "எனக்கு வேற வழி தெரியல மச்சான்" என்றான். வீட்டுக்குப் போகச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எல்லோரும் ஒரே பெஞ்சில்தான் உட்கார்வோம். தங்கச்சி நடுவில் உட்கார்ந்தால் தேவலை.