அஸர் பாங்குக்கு முன் வரும் விருந்தாளி

‘ஞான ஊற்று’ கிறிஸ்தவ பொட்காஸ்டின் மதிப்புக்குரிய நடத்துநரும் என் கணவருமான சாமுவேல் அவர்களுக்கு,

நான் மருதமுனைக்குச் சாரி எடுக்கப் போகிறேன். வீட்டுக் கதவுத் திறப்பு பூச்சாடிக்குக் கீழே. பக்கத்து வீட்டு நஜ்லா தந்த வட்டிலப்பம் ஃப்ரிட்ஜில் இருக்கிறது. அது விருந்தாளிக்கு, ருசி பார்க்கிறேன் என்று முடித்துவிட வேண்டாம்.

இன்றைய விருந்தாளி நேர்ஸ் யூனிஸ் அக்கா மூன்றேகாலுக்கு வருவா.

“கேட்டுப் படிக்கத்தான் இதத் தொடங்குறன் புள்ள” என்றீர்கள். கோட் போட்ட படத்தோடு ‘என்றும் மாணவன்’ என்று பேனரும் அடித்தீர்கள். போன கிழமை போதகர் ஐயா வந்த நிகழ்ச்சியில், நாற்பது நிமிடத்தில் முப்பத்தைந்து நிமிடம் மாணவன்தான் கதைத்தார். அதைச் சொன்னதற்குத்தானே இரண்டு நாளாக என்னோடு கதையில்லை?

நேற்று அந்தப் பதிவைத் திரும்பக் கேட்டேன். பள்ளிவாசலில் பாங்கு சொன்னதும் மரியாதைக்கு நிறுத்தினீர்கள். அது முடிந்து நீங்கள் வாய் திறக்க முன், ஐயா மெல்லச் சொன்னார்: “தம்பி, எனக்கும் சில நாளைக்கு ஜெபிக்க மனமே வாறல்ல.” முழு நிகழ்ச்சியிலும் படிக்க இருந்தது அது ஒன்றுதான்.

அக்காவுக்கு நேரம் குறித்தது நான். அஸர் பாங்கு மூன்றரைக்கு.

புளோரா

ஃபேனை நிறுத்திவிட்டுப் பதிவு செய்யுங்கள்.

இன்னொன்று. அடுத்த விருந்தாளியாக வர எனக்குச் சம்மதம். குரல் மட்டும்தான் போகும் என்று தெரியும், இருந்தாலும் புதுச் சாரிதான் உடுப்பேன். பொழுதுபடச் சொல்லும் மஃரிப் பாங்குக்கு ஐந்து நிமிடம் முன் தொடங்குவோம். இருபத்தாறு வருடமாக உங்களிடம் சொல்ல ஒன்று வைத்திருக்கிறேன். பயப்பட வேண்டாம், நல்லதுதான்.