கோழி கிளறாத மண்

வடக்குப்பட்டு

அன்பு மகள் பூஜாவுக்கு அம்மா ஆசையோட எழுதுறது. கடவுள் புண்ணியத்துல நானும் அப்பாவும் நடமாடிகினு கீறோம். அகமதாபாத் குளிரு உனக்கும் மாப்பிள்ளைக்கும் வயித்துல கீற குழந்தைக்கும் ஒத்துக்குதான்னு ஒரு வரி எழுது. போன்ல பேசலாம்னா அப்பா பக்கத்துலயே உக்காந்து கேக்குறார், நான் சொல்லப்போறது அவருக்குப் புடிக்காது, அதான் பேப்பர்ல எழுதறேன்.

நான் வேலை செய்யிற நர்சரி தெரியுமில்ல, கம்பெனிங்களைச் சுத்தி மரம் வளக்கறதுக்கு வேம்பு, புங்கன், மருதுன்னு கன்னு போட்டுத் தரோமே, அங்க ஆடி மாசத்துல இருந்து கன்னுங்க செத்துகினே வந்துச்சு. மேல இலை பச்சையா இருக்கும், புடிச்சுத் தூக்கினா வேரு கருகி கையோட வரும். மேனேஜர் சண்முகசுந்தரம் சார் தண்ணி பத்தலம்மான்னார், ஊத்தினோம். மருந்து அடிங்கன்னார், அடிச்சோம். ஒண்ணும் கேக்கல. அப்புறம்தான் மண்ணை சரி பண்றதுக்குன்னு கவியான்னு ஒரு பொண்ணை வேலைக்கு எடுத்தாங்க. கோவில்பட்டிப் பக்கத்துப் பொண்ணு, காடு வளக்குற படிப்பு படிச்சுட்டு வந்து இருங்காட்டுக்கோட்டையில ரூம் எடுத்துத் தங்கியிருந்துச்சு, உன்னைவிடச் சின்னது. அது ஒரு புனல்ல மண்ணைப் போட்டு மேல குண்டு பல்பைத் தொங்கவிடும், சூடு தாங்காம மண்ணுக்குள்ள கீற பூச்சிங்க எறங்கி அடியில வச்ச பாட்டில்ல விழும். காட்டுல இருந்து வாரின சருகு மண்ணைப் போட்டப்ப என்னையும் லென்சுல பாக்கச் சொன்னுச்சு. அப்பாடி, கடுகைவிடச் சின்னதா, எட்டு காலோட என்னமா ஊருதுங்க. மண் உண்ணின்னு பேராம், மாட்டு மேல ஒட்டுற உண்ணி இல்ல, இது கடிக்காது. சருகை மென்னு மென்னு மக்க வச்சு செடிக்குச் சோறாக்கிப் போடுறதுல இதுங்களுக்குப் பெரிய பங்காம், இதுவே இல்லைன்னா மண்ணு வெறும் புழுதிதான்க்கான்னுச்சு. அந்த சருகையும் சாணியையும் ஈரம் காயாம நிழல்ல மூடி வச்சு, புது செம்மண்ணோட கலந்து பாக்கெட் போட்டோம். அதுல வச்ச கன்னெல்லாம் கொழுந்து விட்டுச்சு, எனக்கே சந்தோஷமாப் போச்சு. ஆனா கன்னுங்க செத்த பழைய கறுப்பு மண்ணுல அதே சருகை எத்தனை வாட்டி கலந்தாலும், திரும்ப எடுத்துப் புனல்ல போட்டா ஒண்ணும் விழல. சருகோட போன பூச்சியெல்லாம் செத்துப்போச்சு. ஒரு பூச்சியைக்கூட வாழ விடமாட்டேங்கு, இந்த மண்ணு எங்க இருந்துக்கா வந்துச்சுன்னு கவியா கேட்டுச்சு. லாரிக்கார ஐயனார் ஏரி வண்டல்னு சொல்லி கோடையில சும்மாவே கொட்டின மண்ணு அது, எந்தக் கம்பெனிக் கழிவோன்னு அப்பதான் தோணுச்சு. அதே மண்ணுதான் நம்ம வூட்டுப் பின்னாடி பள்ளத்துலயும் கீது. மழைக்குத் தண்ணி நிக்குதுன்னு அப்பா கூப்புட்டுக் கொட்டச் சொன்னார், அவரைச் சொல்லியும் குத்தமில்ல, தெருவே கொட்டிகினுச்சு.

மறுநாள் பின்வாசல் மண்ணை ஒரு கிண்ணத்துல அள்ளிகினு போனேன். பல்பு எரிஞ்சுகினே இருந்துச்சு. கவியா பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்துல பாத்துட்டு ஒண்ணுகூட விழலயேக்கான்னுச்சு, அப்புறம் என் முகத்தைப் பாக்கவே இல்ல. வூட்டுக்கு வந்து நின்னு பாத்தேன். நம்ம கோழிங்க அந்த இடத்துல கிளறுறதே இல்லடி, சுத்திகினு பக்கத்து வூட்டு ரத்தினம் வாசலுக்குப் போயிடுதுங்க. கீரை விதைச்சேன், மொளைக்கல. வெயில் ஏறினா ஒரு மாதிரி மருந்து வாசனை. கிணத்துத் தண்ணியைக் கொதிக்க வச்சா ஓரமா ஏடு கட்டுது, நாங்க இப்ப கேன் தண்ணிதான் குடிக்கிறோம். ரத்தினத்தோட ரெண்டு ஆடும் அந்த ஓரத்துல தேங்குற தண்ணியைத்தான் குடிக்கும், ரெண்டும் செத்த குட்டியாவே போட்டுச்சு. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் கீதோ இல்லையோ எனக்குத் தெரியாது. தெரியாததுதான்டி பயமா கீது.

கவியா அந்த மண்ணை மெட்ராசுக்கு டெஸ்டுக்கு அனுப்புச்சு. எப்படித் தெரிஞ்சுதோ, ஐயனார் ஆளுங்களோட நர்சரிக்கே வந்து, யாரும்மா நம்ம மண்ணை டப்பாவுல அடைச்சு அனுப்பினதுன்னு சிரிச்சுகினே கேட்டார். சார் தலையைக் குனிஞ்சுகினார். அதுக்கப்புறம் கவியா வேலைக்கு வரல. ரூமுக்குப் போய் விசாரிச்சேன், அண்ணன்காரன் வந்து கூட்டினு போயிட்டான், பொண்ணு அழுதுகினே போச்சுன்னு வூட்டுக்காரம்மா சொல்றாங்க. போன் எடுக்கல. டெஸ்டு இன்னா ஆச்சுன்னும் தெரியல. எனக்கு மனசு ஆறல. ஊர்க்கூட்டத்துல எழுந்து நின்னு, எங்க வூட்டு மண்ணுல எறும்புகூட உசுரோட இல்ல, இதுமேலதான் நாம கொழந்தைங்கள விளையாட விடறோம்னு சொல்லிட்டேன். அப்பா பொடவையைப் புடிச்சு இழுத்தார், நான் உக்காரல. ரத்தினம் மட்டும் எழுந்து வந்து என் பக்கத்துல நின்னா. அதுல இருந்து நம்ம தெருவுக்கு லாரி வரதில்ல. சரி, நல்லதுன்னு இருந்தேன். நேத்து பாத்தா பிள்ளைப்பாக்கம் ரோட்டுல அதே லாரிங்க தார்ப்பாய் மூடி வரிசையா போவுது, இப்ப அந்தப் பக்கம் கொட்டுறாங்க போல. முன்னாடி வந்த வண்டியை நிறுத்தி ஐயனார் எட்டிப் பாத்து, பொண்ணு பிரசவத்துக்கு வருதாமே, பத்திரமா பாத்துக்கோங்கக்கான்னு சொன்னார். வார்த்தை நல்ல வார்த்தைதான். ஆனா நீ வரப்போறதை அவருக்கு யாருடி சொன்னது?

அதனால சொல்றேன் கண்ணு, நீ இங்க வராதே. தலைப்பிரசவத்துக்குத் தாய் வூட்டுக்கு வராதேன்னு பெத்தவளே எழுதுறாளேன்னு மனசு நோவாதே. ஊர் இன்னா பேசும்னு அப்பா கேக்குறார், பேசட்டும். தை பொறந்ததும் நானே அங்க வந்துடறேன், வளையலும் அங்கியே போட்டுக்கலாம், பத்தியச் சமையலும் நானே பண்றேன். கவியா வச்ச கன்னுங்களுக்கு நான் அங்க கெளம்புற வரைக்கும் தண்ணி ஊத்துறேன், அப்புறம் ரத்தினம் பாத்துக்கறேன்னு கீறா. நீ இரும்பு மாத்திரையை விடாதே, வெறும் வயித்துல டீ குடிக்காதே, மாடிப்படி பாத்து எறங்கு.

எல்லையம்மன் உன்னையும் உன் வயித்துப் புள்ளையையும் கண்ணுக்குள்ள வச்சுக் காப்பாத்தட்டும். மாப்பிள்ளைக்கு எங்க ஆசீர்வாதம் சொல்லு. ஒண்ணு மட்டும் மறக்காதே, அப்பா போன் பண்ணி எப்ப வரேன்னு கேப்பார், சரிப்பா சரிப்பான்னு சொல்லிக்கோ, டிக்கெட்டு மட்டும் எடுக்காதே.

உன் அம்மா
லீலா பலராமன்